அப்பா அளவு ஜாக்கெட்

எங்கள் வீட்டில் குளிர்காலத் துணி எடுக்க ஒரே விதிதான்: இந்த வருஷம் வாங்குவது அடுத்த வருஷத்துக்கும் வர வேண்டும். தலைநகரின் லக்ஷ்மிபாய் நகர் குடியிருப்பில் பல தமிழ் வீடுகளில் இதே விதி. டிசம்பர் காலையில் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளில் ஜாக்கெட் கை நீண்டு விரல் நுனி தெரியாத பிள்ளையைப் பார்த்தால் தமிழில் பேச்சுக் கொடுக்கலாம்.

எட்டாம் வகுப்புப் படித்த என் மகன் மறுநாள் விடிந்ததும் பள்ளிச் சுற்றுலாவில் சிம்லா போக வேண்டியிருந்தது. பையில் துணி அடுக்கும்போதுதான் பழைய ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தான். கை முழங்கைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஜாக்கெட் இல்லாத பையனைப் பேருந்தில் ஏற்ற மாட்டோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவன் டியூஷனுக்குக் கிளம்ப, நானும் என் கணவரும் சரோஜினி நகர் சந்தைக்குப் போனோம்.

நடைபாதைக் கடையில் போட்டுப் பார்க்க அறை கிடையாது. வாங்கியதைத் திருப்பித் தரவும் முடியாது. அதனால் நான் அளவுக்கு என் கணவரைக் கொண்டுபோயிருந்தேன். அவர் உயரம் குறைவு. பையன் அவர் காது வரை வந்திருந்தான். அடுத்த வருஷம் அவர் உயரத்துக்கு வந்துவிடுவான். ஆக, அவருக்குச் சரியாக இருப்பது அவனுக்கு இரண்டு குளிர்காலம் தாங்கும்.

குவியலில் பெரிய அளவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கருநீலம், முதுகில் வாய் பிளந்த சுறாமீன்.

"போட்டுக்கோங்க," என்றேன்.

"எனக்கு எதுக்கு? நான்தான் ஸ்வெட்டர் போட்டிருக்கேன்லா."

"உங்களுக்கு இல்ல. சும்மா நில்லுங்க."

தோள் சரியாக இருந்தது. கையும் மணிக்கட்டில் வந்து நின்றது. ஜிப்பையும் போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். என் கணக்கில் உயரம் இருந்தது, தொப்பை இல்லை. கடைக்காரர், "ஸாப், பேட் அந்தர்," என்று தம் வயிற்றை உள்ளே இழுத்துக் காட்டினார். இவரும் இழுத்தார். ஜிப் கழுத்து வரை ஏறியது. பிறகு இறங்கவில்லை.

"மூச்ச விடாதீங்க," என்றேன்.

"எம்புட்டு நேரத்துக்கு?"

கடைக்காரர் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து ஜிப்பில் தேய்த்தார். அந்த நேரத்தில் ஒரு பெண்மணி வந்து, என் கணவரின் கையைத் தூக்கித் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். இதிலேயே சின்ன அளவு இருக்கிறதா என்று கேட்டார். கேட்டது என் கணவரிடமேதான். மத்திய அரசு அலுவலகத்தில் பல வருஷம் பதில் சொல்லிப் பழகியவர் அல்லவா, ஸ்டாக் இல்லை மேடம், உள்ளே கம்பளி நன்றாக இருக்கிறது என்று இந்தியில் விளக்கம் கொடுத்தார். அந்த அம்மாள் அவரைத் திருப்பி நிறுத்திச் சுறாமீனையும் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் தலைவழியாகக் கழற்றுவது என்று முடிவானது. அவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். நான் ஒரு கையைப் பிடித்தேன், கடைக்காரர் இன்னொன்றை. ஜாக்கெட் வந்தது. ஸ்வெட்டரும் சட்டையும் கூடவே வந்தன. டிசம்பர் சாயங்காலம், சரோஜினி நகர் நடுவில், பனியனோடு நின்றுகொண்டு, "கண்ணாடி எங்க?" என்றார். மூக்குக்கண்ணாடி ஸ்வெட்டருக்குள் இருந்தது.

ஜிப் மட்டும் கழுத்தடியில் அப்படியே நின்றது. ஜிப் கெட்டுவிட்டது, விலையைக் குறையுங்கள் என்றேன். கெடுத்தது ஸாபின் வயிறு என்றார் கடைக்காரர்.

"என் வயித்த ஏன் இழுக்காரு?" என்றார் இவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே.

"நீங்க முதல்லயே இழுத்திருக்கணும்."

கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். வேறு ஜாக்கெட்டும் இல்லை, வேறு நாளும் இல்லை. வாங்கிவிட்டோம்.

டியூஷன் முடிந்து வந்த பையன் சுறாமீனைப் பார்த்து, "அச்சா ஹை, நல்லாருக்கு," என்றான். ஜிப்பைப் பற்றி நாங்கள் சொல்லத் தொடங்குவதற்குள் தலைவழியாகப் போட்டுக்கொண்டான். அவன் ஒல்லி, வழுக்கிக்கொண்டு இறங்கியது. கழற்றும்போதுதான் தெரிந்தது, உள்ளே போகும் தலை வெளியே வரும்போது காது மாட்டிக்கொள்கிறது என்று. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் இழுத்தோம்.

"அங்க யாருடா இழுப்பா?" என்றார் அவன் அப்பா.

"ரூம்ல ரெண்டு பசங்க இருக்காங்க பா. டென்ஷன் மத் லோ, கவலப்படாதீங்க."

மறுநாள் பேருந்து வாசலில் ஆசிரியை ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். ஏறிவிட்டான்.

சிம்லாவிலிருந்து தினமும் படம் அனுப்பினான். பனியில் சுறா, குதிரை மேல் சுறா, சாப்பாட்டு மேசையில் சுறா. ஒரு படத்தில் போர்வைக்குள் படுத்திருந்தான். கழுத்தடியில் அந்த ஜிப் தெரிந்தது. குளிருக்காகப் போட்டிருக்கிறானா, இழுக்க ஆள் கிடைக்காமலா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.