மங்கை அக்கா இறங்கிய மலை

போன செவ்வாய்க்கிழமை காலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் கம்பெனியில் டப்பாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். தேசிங்கு அண்ணன் போன் செய்தார். மங்கை அக்காவின் புருஷன், வைத்திக்குப்பத்தில் படகு வைத்திருப்பவர். கடலில் பேசிப் பழகிய தொண்டை, போனில் கத்தித்தான் பேசுவார். அன்று குரலே எழும்பவில்லை. "சுமதி, உங்கக்கா போய்ட்டாம்மா" என்றார். முந்தின நாள்தான் மூளையில் ரத்தம் கசிந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயது நாற்பத்தொன்பது. எமனுக்குக் கண் அவிஞ்சா போச்சு என்று சூப்பர்வைசர் முன்னாலேயே கத்திவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

மங்கையர்க்கரசி என்பது முழுப்பெயர். பதினோரு வருடம் நாங்கள் இருவரும் ஒரே பேக்கிங் மேசை. நான் வாயாடி, அவர் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார். அவர் மகன் ஆசையாக ஒரு கியர் சைக்கிளை வாங்கிப் போட்டுவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். துருப்பிடித்து வீணாகிறதே என்று அக்கா அதில் வேலைக்கு வர ஆரம்பித்தார். காலையில் பிரச்சினை இல்லை. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது கடற்காற்று நேராக நெஞ்சில் அறையும். அந்த எதிர்காற்றில் நாலு வருடம் மிதித்த கால்கள் அவருடையவை.

ஒருநாள் பளபளவென்று பனியன் போட்ட சைக்கிள் குழு ஒன்றை, சுடிதாரும் டிபன் பையுமாக அக்கா தாண்டிப் போனார். அவர்கள் துரத்திக்கொண்டு வந்து, "யாருக்கா நீங்க?" என்று கேட்டார்களாம். ஜவ்வாது மலையில் பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கு ஒரு மலைசைக்கிள் பந்தயம், பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு, வாருங்கள் என்றார்கள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன்.

மலைக்கு நாங்கள் எங்கே போவது? புதுச்சேரியில் மேடு என்று பார்த்தால் மேம்பாலம்தான். ஞாயிறு காலையில் அக்கா மேம்பாலம் ஏறுவார், நான் நடைபாதையில் நின்று எண்ணுவேன். ஏறுவதை மட்டும் எண்ணினோம். இறங்குவது எங்களுக்கு ஓய்வு. "எறக்கத்த எதுக்குக்கா பழவணும்? அது தானா வரும்" என்று சொன்ன மேதாவி நான்தான். சமவெளியில் பிறந்து வளர்ந்த புத்தி வேறு என்ன சொல்லும்?

முதல் பந்தயத்தில் நான் அடிவாரத்தில் நின்றேன். உச்சியிலிருந்து தகவல் வந்தது: பாண்டிச்சேரி அக்காதான் முதலில் ஏறியிருக்கிறார்! நான் குதித்த குதியில் செருப்பு அறுந்தது. பிறகு ஒவ்வொரு பெண்ணாக இறங்கி வந்தார்கள். அக்கா வரவில்லை. எல்லோரும் வந்து முடித்து, பந்தலைப் பிரிக்கும்போது வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

திரும்பி வரும்போது வேனில் மெதுவாகச் சொன்னார்: "மேலேர்ந்து பாத்தேன் சுமதி. வழியே தெரியல, பள்ளம்தான் தெரிஞ்சுது. காலு தானா ஊனிக்கிச்சு."

கம்பெனியில் அவருக்குத் 'தள்ளுவண்டி' என்று பெயர் வைத்தார்கள். தேசிங்கு அண்ணன் வீட்டிலேயே ஆரம்பித்தார்: "நடந்து எறங்கறதுக்கு எதுக்குடி சைக்கிளு? அதுக்கு நானே போதுமே." அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டு நின்றவரைப் பார்த்தவள் நான். "சுமதி, எனக்குப் பரிசு வாணாம். ஒருவாட்டி அந்த மலைலேர்ந்து காலு ஊனாம எறங்கிட்டன்னா போதும்" என்றார். என் பேச்சைக் கேட்டுத்தானே அவர் ஏமாந்தார்.

அடுத்த ஒரு வருடம் ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே செம்மண் ஓடைகளுக்குப் போனோம். மழை அறுத்த சரிவுகள், ஆள் உயரம் இருக்கும். அக்கா விழுந்தார். முழங்கை, முட்டி, தாடை என்று அடிபடாத இடம் பாக்கியில்லை. "போதும்கா, விட்டுடுங்க" என்று நானே அழுதிருக்கிறேன். அவர் சைக்கிளை நிமிர்த்தி மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போவார்.

ஒருநாள் தேசிங்கு அண்ணன் வேடிக்கை பார்க்க வந்தார். கேலி செய்யத்தான் வந்தார் என்று நினைத்து நான் முறைத்தேன். மூன்று தடவை அக்கா குப்புற விழுந்ததைப் பார்த்தவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஏ மங்கை! அலை ஏறும்போது எவனும் கவுர மாட்டான். கரைக்கு வரச்சொல்ல எறங்குது பாரு, அப்பதான் படவு மூக்க குத்தும். நாங்க என்னா பண்ணுவோம்? எல்லாரும் பின்னால ஓடிருவோம். ஒடம்ப பின்னால போடுடி! முன்னால என்னா வேல ஒனக்கு?"

அக்கா சீட்டைத் தாண்டிப் பின்னால் உட்கார்ந்தார், உட்கார்ந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தொங்கினார். சைக்கிள் சரிவில் இறங்கி நேராகப் போய் நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சைக்கிளை மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது பந்தயத்தில் நான் அடிவாரத்தில் நிற்காமல் கடைசி வளைவு வரை ஏறிப்போய் நின்றேன். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் வெறும் காற்று. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு கல் தெறிக்க, புழுதி பறக்க அக்கா வந்தார். இடுப்பு பின் சக்கரத்துக்கு மேலே, உதடு எதையோ முணுமுணுக்கிறது. கால் மட்டும் பெடலை விட்டு அசையவில்லை. அம்மாடி! அந்த மௌன அக்காவுக்குள் இவ்வளவு பெரிய ஆள் இருந்ததைப் பத்து வருடம் பக்கத்தில் நின்றும் நான் பார்க்கவில்லையே என்று இருந்தது.

எத்தனாவது வந்தார் என்று கேட்பீர்கள். ஐந்தாவது. அதனால் என்ன?

"பயம் போய்ட்ச்சாக்கா?" என்று கேட்டேன். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கடி போவுது? பின்னாடி கேரியர்ல ஒக்காந்துக்கினு கூடவேதான் வந்துச்சு. ஹேண்டில்பார மட்டும் அது கையில குடுக்கல."

அன்று கடலுக்குப் போயிருந்த தேசிங்கு அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். பதிலே வரவில்லை. என்ன மனுஷன் இவர் என்று எனக்கு ஆத்திரம்.

போன வாரம் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடியபோது உறவுக்காரர்கள் பட்டுப்புடவைப் படம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்கள். அண்ணன் தன் போனை நீட்டினார். ஹெல்மெட், முகமெல்லாம் புழுதி, பல் தெரிகிற சிரிப்பு. நான் அனுப்பிய அதே படம். "சாவு பேனர்ல ஹெல்மெட்டா?" என்று யாரோ முனகினார்கள். "இதுதான்" என்றார் அண்ணன்.

பேனர் வைத்திக்குப்பத்துத் தெருமுனையில் நிற்கிறது. மீன் வாங்க வந்த ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "யாருங்க இந்தம்மா?" என்று கேட்டார். தேசிங்கு அண்ணன் அந்தப் பழைய கடல் தொண்டையில், தெருவே திரும்பிப் பார்க்கச் சொன்னார்: "எம் பொண்டாட்டிங்க. அம்மாம் பெரிய மலைலேர்ந்து காலு ஊனாம எறங்குனவ!"

போய் வாருங்கள், அக்கா. நாங்கள் இன்னும் கீழே நின்று அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.