இரண்டாம் மொட்டை

என் கணவர் மஞ்சள்காமாலை முற்றிப்போய்த் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் முடி கொடுக்கிறேன் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். எழுந்தார். கொடுத்தேன். எங்கள் புத்தூர்ப் பக்கம் மொட்டைத் தலையோடு ஒரு பொம்பளை பஸ் ஏறினால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தரிசனம் நல்லா ஆச்சா என்று கேட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

என் மொட்டையைத் தப்பாகப் பார்த்தது ஒரு மெஷின்.

நான் படம் எடுத்து விற்கிறவள். இணையத்தில் படக்கிடங்கு நடத்தும் ஏஜென்சிகள் இருக்கின்றன. அங்கே ஏற்றி வைத்தால் உலகத்தில் எவனோ ஒருவன் தன் விளம்பரத்துக்கோ பாடப்புத்தகத்துக்கோ வாங்கிக்கொள்வான். கோபுரம், சூரிய உதயம் எல்லாம் அங்கே குப்பையாகக் குவிந்து கிடக்கிறது. விற்பது வேறு. மாத்திரையைப் பாதியாக உடைக்கிற கை விற்கும். குக்கர் மூடிக்கு ரப்பர் மாட்டுகிற கை விற்கும். நகரி விசைத்தறியில் அறுந்த நூலை முடிகிற விரல்கள் எனக்கு நன்றாக விற்ற படம். ஒரு கம்பெனிப் பெயரும் படத்தில் தெரியக் கூடாது. அதனால் எங்கள் வீட்டு எண்ணெய் டின், மிக்சி, டிவி எல்லாவற்றிலும் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். "திருட்டுச் சாமான் வெச்சிக்கினு கீற வூடாட்டம் கீது" என்பார் என் மாமியார். திட்டிக்கொண்டேதான் எனக்கு வேர்க்கடலை உரித்துக் காட்டுவார். அந்தக் கைகள் எந்தெந்த நாட்டுக்குப் போயின என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காசு பெரிதாக ஒன்றும் வராது. நான் விடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் செய்யும் வேலை பார்த்தேன். மணப்பெண்ணை அலங்கரிக்கிற அறைக்குள் ஆண்கள் போக முடியாது, அதனால் அந்தப் படங்களை மட்டும் என்னை எடுக்கச் சொல்வார்கள். ஆல்பத்தில் உயிரோடு இருப்பவை அவைதான். எல்லாவற்றின் மூலையிலும் ஸ்டுடியோ பெயர். முதலாளியைக் கேட்டேன். உன் பெயரைப் போட்டால் எவன் ஆர்டர் கொடுப்பான் என்று சிரித்தார். அந்த மாதமே நின்றுவிட்டேன். பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். ஏஜென்சியில் என் படத்துக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மலையிலிருந்து வந்த வாரம் ஏஜென்சியிடமிருந்து செய்தி வந்தது. போலிக் கணக்குகள் பெருகிவிட்டதால் எல்லோரும் அடையாள அட்டையைக் காட்டி, கேமரா முன்னால் முகத்தையும் காட்ட வேண்டும். கெடுவுக்குள் செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும், படங்கள் இறக்கப்படும். என் ஆதார் படம் கல்யாணத்துக்கு முன் எடுத்தது. ஒல்லி முகம், இரட்டைப் பின்னல். முகத்தை இடப்பக்கம் திருப்பு என்றது, திருப்பினேன். வலப்பக்கம் என்றது, திருப்பினேன். பிறகு சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டது. அட்டையில் இருப்பவளும் நானும் ஒருத்தி இல்லையாம்.

அப்போது ஒரு முட்டாள்தனம் செய்தோம். பக்கத்துத் தெருவில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவளிடம் ஒரு விக் இருந்தது. முடிதானே குறை என்று என் கணவர் அதை வாங்கிவந்து என் தலையில் மாட்டி, இரண்டு பின்னலும் போட்டுவிட்டார். மாமியார் வாசலில் நின்று சிரித்தார். நானும் சிரித்தேன். முகத்தைத் திருப்பச் சொன்னதும் திருப்பினேன், விக் நெற்றியிலிருந்து ஒரு விரல் நகர்ந்தது. மறுநாள் கடிதம் வந்தது. மாறுவேடம் போட்டு ஏமாற்ற முயன்றதாகச் சந்தேகம். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தருகிறோம்.

கோயிலுக்கு முடி கொடுத்தேன் என்று விளக்கி எழுதினேன். சிகிச்சை காரணமாக முடி போயிருந்தால் டாக்டர் சான்றிதழ் அனுப்பவும் என்று பதில் வந்தது. எனக்கு நோய் இல்லை, எனக்கு இருப்பது சாமி என்று எழுதினேன். பொறுமைக்கு நன்றி என்று வந்தது. என்னிடம் எங்கே இருந்தது பொறுமை?

கணவருக்கு என்மேல் பரிதாபம். அவர் ஒரு வழி சொன்னார்.

"இன்னாத்துக்கு இப்டி அலையற? என் பேர்ல புச்சா ஒண்ணு தொறந்துக்கலாம். என் மூஞ்சி மாறலியே."

"மூஞ்சி மாறல. படம் நீ எட்த்தியா?"

அவர் நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்று அவருக்குச் சோறு போட எனக்குக் கை வரவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டார்.

முடி வளர்கிறவரை காத்திருக்க மெஷினுக்குத் தெரியாது. கெடுவுக்குள் இரட்டைப் பின்னல் வருகிற அளவுக்கு எனக்கும் முடி வளராது. அட்டையை மாற்றுவது ஒன்றுதான் வழி. ஆதார் மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு, "ஜுட்டு வச்சாக ராம்மா" என்றான். முடி வளர்ந்த பிறகு வரச் சொல்கிறான். வருஷக்கணக்காக எல்லா இடத்திலும் காட்டப்போகிற படம், மொட்டையாகவா எடுப்பது என்று அவனுக்குக் கவலை. இப்போதே எடு என்று தெலுங்கிலேயே சொன்னேன். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவனுக்குத்தான் பரிந்து பேசினார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எடுத்தான்.

புதிய படம் ஏறி வருவதற்குள் தலையில் முள்ளு முள்ளாக முடி வந்துவிட்டது. இந்தக் கொஞ்சம் முடிக்கு மெஷின் ஒன்றும் சொல்லாது என்றார் கணவர். விக் வைத்தபோதும் இப்படித்தான் சொன்னார். இருப்பது ஒரே வாய்ப்பு. அட்டையில் இருக்கிறபடியே போய் உட்கார்வது என்று முடிவு செய்தேன். மறுபடி மொட்டை.

மலைக்கே போய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்றார் கணவர். அது உண்மைதான். ஆனால் வேண்டாத வேண்டுதலைச் சொல்லிக்கொண்டு நான் மலை ஏற மாட்டேன். கடைத்தெரு சலூன்காரரைக் கேட்டேன். பொம்பளைங்களுக்குச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டு அவர் ரேடியோவைத் திருகினார். வீட்டில்தான் செய்ய வேண்டும். புருஷன் உள்ளவள் வேண்டுதல் இல்லாமல் வீட்டில் தலையை மழித்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாமியார் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

"புருசன் குத்துக்கல்லாட்டம் குந்திக்கினு கீறான். எவனோ ஊரு பேரு தெரியாதவன் கேட்டான்னு தலைய செரைச்சிக்குவியா நீ?"

"அவன் கேக்கல அத்த. என் படமெல்லாம் அங்க கீது. நான்தான் கேக்கறேன்."

"ஊருல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"மருமவளுக்குப் பைத்தியம்னு சொல்லு. நம்புவாங்க."

பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்தேன். கணவர் தன் ஷேவிங் செட்டைக் கொண்டுவந்தார். பிளேடை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். உனக்காக ஒரு தடவை எடுத்தேனே, அப்போது நான் தயங்கினேனா என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்தார். மாமியார் எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தார். பாதியில் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை.

"காதுக்குப் பின்னால உட்டுட்டான் பாரு. செய்றதே செய்ற, ஒழுங்கா செய்டா."

ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு, அட்டையில் இருந்த அளவுக்கே பொட்டு வைத்துக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தேன். இடப்பக்கம். வலப்பக்கம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையாக ஒரு குறி வந்தது. என் பெயர், அதற்குக் கீழே என் படங்கள், வரிசையாக. விசைத்தறி விரல்கள் அங்கேயே இருந்தன. யாருக்கும் நன்றி சொல்லவில்லை. என் கணக்கை என்னிடம் கொடுத்ததற்கு நன்றி எதற்கு?

அன்று மதியமே ஜன்னல் வெளிச்சத்தில் என் தலையை நானே படம் எடுத்தேன். நேர்ப்பார்வை, சிரிப்பு இல்லை. படத்தில் இருப்பவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். சாட்சிக்கு மாமியார், எங்கே போடணும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போட்டார்.

படத்தை ஏற்றியதும், தேடுகிறவர்களுக்காகச் சேர்க்க வேண்டிய சொற்களை மெஷினே எடுத்துக் கொடுத்தது. புற்றுநோய். நோயாளி. சிகிச்சை. துக்கம். தனிமை. ஒவ்வொன்றாக அழித்தேன். பெண் என்று அடித்தேன். மொட்டை என்று அடித்தேன். புகைப்படக்காரர், வீடு, கோபம் என்று அடித்தேன். சேமிக்கப் போகும்போது புற்றுநோய் தானாகத் திரும்பி வந்து முதல் இடத்தில் உட்கார்ந்தது. மறுபடி அழித்தேன்.