மணிவேலுக்குப் போட்ட ஊசி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் தனியார் பஸ்ஸில் மணிவேல் கண்டக்டர். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழித்துப் பழகியவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, கரண்ட் வைத்துக் குணமாகி வேலைக்குத் திரும்பியபோது நாக்கில் தொட்டுக்கொள்ள ஈரமில்லை. அந்தக் கதிர்வீச்சில் எச்சில் சுரப்பிகள் கெட்டுவிட்டன என்றார்கள். ஸ்டாப் பெயரைச் சொல்லக்கூட ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. மனைவி பொன்னுத்தாய் சோற்றை ரசத்தில் கரைத்துக் கொடுத்தால்தான் உள்ளே இறங்கும்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இதற்கு ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடப்பதை மகள் சிவரஞ்சனி போனில் பார்த்துச் சொன்னாள். யாரோ தானமாகக் கொடுத்த கொழுப்பிலிருந்து செல்லைப் பிரித்து வளர்த்து, தாடைக்கு அடியில் சுரப்பிக்குள் ஊசியாகப் போடுவார்கள். பாதிப் பேருக்குத்தான் செல்; மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது கடைசிவரை டாக்டருக்கே தெரியாது. மணிவேல் யோசிக்காமல் சம்மதித்தார்.

ஊசி போட்ட சில வாரங்களில், ஒருநாள் விடிந்து எழுந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கவில்லை. இட்லி கேட்டு வாங்கித் தின்றார். தண்ணீர் தொடாமலே இறங்கியது. பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் எச்சில் ஊறுவதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். டிரைவர் குருநாதனுக்கு வாயைத் திறந்தே காட்டினார்.

ஆராய்ச்சி முடிந்து வரச்சொன்னார்கள். அவருக்குப் போட்டது உப்புத் தண்ணீர் என்றார் டாக்டர். செல் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் இத்தோடு நிறுத்துகிறோம் என்றார்.

“அப்ப எனக்கு ஊறுனது என்னங்க சார்?”

“சில பேருக்குத் தானாவே கொஞ்சம் தேறும். நம்பிக்கையிலயும் தேறுன மாதிரி இருக்கும். உங்களுக்கு எதுன்னு என்னால சொல்ல முடியலைங்க.”

அன்றிரவே மணிவேல் ஊர் திரும்பினார். மறுநாள் காலை இட்லி தொண்டையிலேயே நின்றது. பொன்னுத்தாய் பதறித் தண்ணீர் கொடுத்தாள். இருமி ஓய்ந்ததும் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்த டாக்டர் சொல்லாமலே இருந்திருக்கலாம்,” என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. சோற்றை ரசத்தில் கரைக்கப் போனாள்.

சித்திரை வெயிலில் பஸ்ஸில் நிற்க முடியாமல் வேலையை விட்டார். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். குருநாதன் வீடு தேடி வந்து விசாரித்தபோது, ஊசி நல்லா வேலை செய்யுதுங்க என்று சொல்லிவிட்டு, வறண்ட உதட்டை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பொன்னுத்தாய் ஆமாம் என்று தலையாட்டினாள்.