வாவிக்கரையில் ஓட்டுக் குசினி கட்டக்கூடாதாம்

பிரதேச சபைத் தவிசாளரே, என் தங்கச்சியின் குசினியை எரித்தது உங்கள் சபையின் சட்டம். பக்கத்து வெறும்வளவில் புல்லுக்கு நெருப்பு வைத்தவனை நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

நான் மேசன். தங்கச்சியின் வீட்டைக் கட்டியதும் நான்தான். அவளுடைய வளவு வாவிக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. பின்பக்கம் குசினியையும் கல்லால் எழுப்பி ஓடு போடுவதாகத்தான் பிளான் கீறினோம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து, வாவியிலிருந்து நாடா பிடித்து அளந்தார். பிறகு பிளானில் குசினியின் மேல் சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுத்தார்.

"இது வாவி ஒதுக்கீட்டுக்குள்ள வருது. நிரந்தரக் கட்டடம் ஏலாது."

"அப்ப சோறு எங்க சேர் ஆக்குற?" என்று தங்கச்சி கேட்டாள்.

"ஓலையால ஒரு கொட்டில் போடுங்க புள்ள. தற்காலிகம் எண்டா நாங்க கண்டுகொள்ளமாட்டம்."

அவர் கெட்டவர் இல்லை. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தார். நாங்களும் அப்படியே நினைத்து அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.

கொட்டிலையும் நான்தான் போட்டேன். இடம் காணாததால் அதன் கூரை ஒரு பக்கம் வீட்டுத் தாழ்வாரத்தோடு ஒட்டியது, மறுபக்கம் வேலியில் முட்டியது. எங்கள் பிழையையும் மறைக்க மாட்டேன். இங்கே வேலி அடைக்கும்போது யாரும் பழைய கிடுகை, பின்னிய தென்னோலையை, கழற்றுவதில்லை. அதன் மேலேயே புதுக் கிடுகை வைத்துக் கட்டுவோம். மறைப்பு கனமாக இருக்கும், உள்ளே குளிர்ச்சி என்போம். அவளுடைய வேலியில் பல வருடத்து ஓலை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. முன்பு அதற்குள் எந்தக் காலத்திலும் கொஞ்சம் ஈரம் நிற்கும். இப்போது மழை வந்தால் வெள்ளம், நின்றால் மாதக்கணக்கில் ஒரு துளி இல்லை. போன முறை வறண்ட கச்சான் காற்று வீசிய காலத்தில் அந்தக் கிடுகை விரலால் நசுக்கினேன். தூளாகக் கொட்டியது. பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பக்கத்து வளவின் புல்நெருப்பு அந்த வேலியில் பிடித்த அன்று பகல் தேற்றாத்தீவில் ஒரு சுவருக்குச் சாந்து பூசிக்கொண்டிருந்தேன். போன் வந்து நான் போய்ச் சேரும்போது வேலியும் இல்லை, குசினியும் இல்லை. வீட்டுக் கூரையின் பின்பாதி மரம் எரிந்து ஓடுகள் அறைக்குள் விழுந்து கிடந்தன. காஸ் சிலிண்டரை வெளியே இழுத்ததில் தங்கச்சியின் வலது உள்ளங்கை வெந்திருந்தது. அவள் தையல்காரி. புருசன் இல்லை. அந்தக் கையை நம்பித்தான் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கை ஆறியதும் இருவரும் சபைக்குப் போனோம். அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். ஓட்டுக் குசினிக்கு அனுமதி கேட்டோம்.

"சட்டம் மாறல்லயே மேசன். வாவி பெருகினா முதல்ல உங்களத்தான் அள்ளிக்கொண்டு போகும்."

தங்கச்சி கையை விரித்து மேசைமேல் வைத்தாள். "அண்டைக்கு நெருப்பு நிண்டு எரியக்குள்ள உங்கட வாவி ஒரு வாளி தண்ணியும் கொண்டு வரல்ல சேர்."

அவர் அந்தக் கையைப் பார்க்காமல் சொன்னார்: "தவிசாளரிட்டக் கேளுங்க."

உங்களுக்கு மூன்று கடிதம் தந்தேன். ஒருதரம் சந்தையில் மறித்தும் கேட்டேன். "பாப்பம்" என்றீர்கள்.

வாவியை நிரவிக் காணி பிடிப்பவர்களைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம் என்று எனக்கும் தெரியும். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் கிடுகுக் கொட்டிலைக் கண்டும் காணாமல் போகிறவர்கள், அதே இடத்தில், அதே அளவில், நெருப்புப் பிடிக்காத ஒரு குசினியை ஏன் தடுக்கிறீர்கள்? வேலிக்கும் கூரைக்கும் இடையில் இத்தனை அடி விடு என்று உங்கள் படிவத்தில் ஏன் ஒரு வரி இல்லை? மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும் மறக்காமல் கேட்கிறீர்கள்.

இப்போது அவள் முன் அறையில், தைக்கிற துணிகளுக்குப் பக்கத்தில் விறகடுப்பு வைத்திருக்கிறாள். காஸ் வாங்கக் காசில்லை. கச்சான் திரும்பவும் வரப்போகிறது. நேற்றுச் சொன்னாள்: "கிடுகு வாங்கித் தாங்கண்ணே. நீங்க போடாட்டி வேற ஆளப் பிடிச்சிப் போடுவன். எத்தின நாளைக்கு வீட்டுக்குள்ள புகைய விடுற?"

நான் போட மாட்டேன். ஆனால் அவள் போடுவாள், அவளுக்கு வேறு வழியில்லை. அடுத்த சபைக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். சனம் எல்லாம் கேட்க எழுந்து நின்று சொல்லுங்கள் தவிசாளரே: இவள் எந்தக் கூரைக்குக் கீழே அடுப்பு மூட்ட வேண்டும்?