தோடம்பழத்தோல் போட்ட பியர்

சாராயம் குடித்தால் குடிகாரன், பியர் குடித்தால் அது ஒன்றுமில்லை என்று எங்கள் ஆட்களிடம் ஒரு எண்ணம் உண்டு. ஊரில் இரசாயனம் படிப்பித்தவன் நான். அது பிழையென்று தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

இத்தாலியில், பலெர்மோவில் வீடுகள் துடைத்து ஓய்ந்தபின் மகளோடும் மருமகனோடும் அங்கேயே கபோ சந்தைப் பக்கம் இருந்தேன். கடைசியாக வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோரா, ஒருமுறை எனக்குக் குடிக்கத் தந்த கோதுமை பியரை மறக்க முடியவில்லை. கலங்கலாக இருக்கும், ஆரஞ்சு நிறத் தோடம்பழத்தோலும் கொத்தமல்லியும் மணக்கும். அதைப்போல வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டேன்.

மருமகன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. குடியை விட்டு ஒரு வருடம் கடந்திருந்தது. அதற்காக மகள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனாலும் கெஞ்சினேன். பியரைப் பால்கனி அலுமாரியில் பூட்டி, திறப்பை என்னிடமே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அவள் சம்மதித்தாள்.

முளைகட்டி உலர்த்திய கோதுமையைக் காய்ச்சி, இறக்கும் நேரத்தில் கொத்தமல்லியும் தோலும் போட வேண்டும். தோலின் உள்வெள்ளை சேர்ந்தால் கசக்கும். எனக்கு மெல்லிசாகச் சீவ வரவில்லை. மருமகன் சிரித்துக்கொண்டே கத்தியை வாங்கினான்.

"விடுங்கோ மாமா, நீங்கள் பழத்தையும் சேர்த்தெல்லோ சீவிறியள்."

புளிக்கவைத்து அடைத்த போத்தல்கள் தயாரானபோது மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவனிடம் ஒரு கிளாஸை நீட்டினேன். வேண்டாம் என்றான்.

"கோதுமைத் தண்ணி, தம்பி. இதை ஆர் குடியெண்டு சொல்லுவினம்? ஒரு வாய் பாரும்."

மாமனாரை இரண்டாம் முறை மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை. குடித்துவிட்டு, கொத்தமல்லி கொஞ்சம் கூடிவிட்டது என்றான். சரியாகச் சொன்னான். இந்த ஊரில் என் கெட்டித்தனத்தைப் பற்றி என்னோடு கதைத்த முதல் ஆள் அவன். அந்தப் பேச்சின் ருசிக்கு நான் அடிமையானேன். பிறகு நானே அலுமாரியைத் திறந்து அவனுக்கு ஊற்றினேன். அவன் மிச்சம் வைக்காமல் குடித்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த முறை பெரிய பானையில் காய்ச்சினேன்.

என் பியர் அவனுக்குப் போதாமல் போனது. கடையில் வாங்கத் தொடங்கினான். வேலைக்குப் பிந்திப் போனான், உணவகத்தில் அவனை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். மகள் என்னைக்கொண்டு அலுமாரியைத் திறப்பித்தாள். உள்ளே எல்லாம் வெறும் போத்தல்கள்.

"அப்பான்ர திறப்பைக் களவெடுத்தனீங்களோ?"

"ஓம்," என்றான் அவன். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. மகள் அவனை வீட்டைவிட்டுப் போகச் சொன்னாள். அவன் வட இத்தாலியில் ஒரு சிநேகிதனிடம் போனான். அப்பா ஆசையாகச் செய்ததையும் களவெடுத்துக் குடித்தவர் என்று கோயிலடியில் அவள் மற்றவர்களுக்குச் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்றேன்.

நானே திறந்து ஊற்றிக் கொடுத்ததைப் போன கிழமைதான் அவளிடம் சொன்னேன். உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தவள் அயர்னை நிறுத்தினாள்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா நான் அவரைப் போகச் சொல்லியிருக்க மாட்டன், அப்பா."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கன நேரம் கதைத்தாள். உள்ளே வந்து, என்னைப் பாராமல் சொன்னாள்:

"அவர் திரும்பி வரமாட்டாராம். உங்களைச் சுகம் கேட்டவர்."