நாற்பத்து மூன்று மூட்டை அரிசி

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த ஜெயந்தினிக்கு, ஐம்பது வயது முடிந்ததும் சம்பளத்தில் பிடித்து வைத்த ஈபிஎஃப் காசு கைக்கு வந்தது. மகள் கல்யாணத்துக்குப் போனது போக, கூரைத் தகரத்துக்குப் போனது போக, மிஞ்சியதை அரிசி, மா, சீனி, கருவாடு என்று மாற்றி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே ரோட்டோரம் ஒரு கடையாக நிறுத்தி வைத்தாள். கூடை சுமந்த காலத்தில் தலைக்கு மேல் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று மூன்று பேர் இருந்தார்கள். கடை போட்ட பிறகு யாரும் இல்லை என்று நினைத்தாள். கம்பனி என்று ஒன்று இருப்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

போனில் காசு அனுப்புகிற கம்பனி அது. அதன் ஆள் லோஜன், இரண்டு விதமான விண்ணப்பங்களோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அக்கா, வியாபாரியா பதிஞ்சா, சாமான் வாங்குறவங்க போன்லயே சல்லி கட்டலாம். ரெண்டு நாள்ல உங்க பேங்குக்கு வந்துரும். நூத்துக்கு ஒரு ரூவா நாங்க வெட்டுவோம். ஏஜன்டா பதிஞ்சா, போன்ல சல்லி வந்தவங்களுக்கு நீங்க கையில குடுக்கலாம். அதுக்கு நாங்க கமிஷன் தருவோம். ஆனா…"

"ஆனா வந்துருச்சா?"

"அம்பதாயிரம் முன்னுக்கே கட்டி வைக்கணும்."

"ரெண்டையும் குடுங்களேன் தம்பி."

"ஒரு கடைக்கு ஒண்ணுதான் அக்கா. ரூல்."

ஜெயந்தினி மூன்று நாள் யோசித்தாள். லயத்தில் எல்லாருக்கும் அவள் ஏஜன்டாக வேண்டும் என்றுதான் ஆசை. கொழும்பில் இருக்கும் பிள்ளைகள் அனுப்புகிற காசை எடுக்க டவுனுக்குப் போனால் வேலைப் பதிவில் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் டவுன் மதுசூதனன் முதலாளியின் லொறி வருகிறதே? அது கையில் காசு கண்டால்தான் மூட்டையை இறக்கும். ஐம்பதாயிரம் கம்பனிக்கும், மிச்சம் லயத்துக்கும் போய்விட்டால் கடையில் எறும்புக்குக்கூட ஒன்றும் இருக்காது. வியாபாரி விண்ணப்பத்திலேயே கையெழுத்துப் போட்டாள். சரியான முடிவுதான். யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் ஆளாக மீனம்மா வந்தாள். லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியாக இருக்கிறவள். மகள் சுலக்ஷனா கொழும்பில் துணிக்கடையில் வேலை, பன்னிரண்டாயிரம் அனுப்பியிருந்தாள்.

"எடுத்துக் குடு புள்ள."

"நான் ஏஜன்ட் இல்லக்கா, வியாபாரி. சாமான் வாங்கலாம். சல்லி குடுக்க ஏலாது."

மீனம்மா அரிசி மூட்டைகளைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு மூட்ட வாங்கிட்டேன்னு போடு."

"போட்டு?"

"ஒனக்கே திருப்பி வித்துட்டேன். சல்லியக் குடு."

விற்காததை விற்றதாகப் போடக் கூடாது என்ற ரூல் விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில், அவளால் வாசிக்க முடியாத இங்கிலீஷில், கடுகு எழுத்தில் இருந்தது. அதை வாசித்திருந்தாலும் என்ன? ஜெயந்தினியின் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், பால் கொடுக்க ஓடி ஓடிக் கொழுந்து குறைந்த நாட்களில், தன் கூடையிலிருந்து இரண்டு கிலோவை அள்ளி அவள் கூடையில் போட்டு, அரைநாள் கூலிக்கான அரைப் பேரை முழுப் பேராக ஆக்கிவிட்டவள் மீனம்மா. அவளிடம் ரூல் பேசுவதா?

போனில் 'என்ன சாமான்' என்று கேட்ட கட்டத்தில் அரிசி என்று தட்டினாள். காசை எண்ணிக் கொடுத்தாள்.

பிறகு மேல் லயமும் வந்தது, கீழ் லயமும் வந்தது. கணக்கு மூட்டைக்குச் சரியாக வராதவர்கள் மிச்சத்தைக் கருவாடாக வாங்கித் திருப்பி விற்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு, பேங்கில் காசெடுக்க ஜெயந்தினி பஸ் ஏறினாள். ஏஜன்டின் வேலை முழுவதும் அவளுக்கு, கமிஷன் மட்டும் இல்லை. மூட்டைக்கு அறுபது ரூபாய் வெட்டும் அவள் தலையில். ஒரு மாதத்தில் நாற்பத்து மூன்று மூட்டை அரிசி விற்றிருந்தாள். கடையில் ஆறு மூட்டைக்குத்தான் இடம்.

லோஜன் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்தான். இந்தப் பள்ளத்தாக்கில் அரிசி விற்பனையில் அவள்தான் முதலாம் ஆளாம். படமும் எடுத்தான். "கொஞ்சம் சிரிங்கக்கா" என்றான். சிரித்தாள்.

அடுத்த வாரம் கம்பனியில் அவள் கணக்கு நின்றது. எண்பத்து நாலாயிரம் உள்ளே மாட்டிக்கொண்டது. கடையின் முதல் என்று சொல்ல அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

"மேல கேக்குறாங்கக்கா, இந்தச் சின்னக் கடையில எப்புடி இவ்வளவு வித்தீங்கன்னு. அரிசி வாங்குனவங்க கையெழுத்து வேணுமாம்" என்றான் லோஜன்.

லயம் உடனே தயாரானது. "கையெழுத்துத்தானே புள்ள? பெருவிரலும் வச்சுத் தாறோம், போ" என்றாள் மீனம்மா. ஆனால் அன்று பின்னேரமே கீழ் லயத்துச் செல்லசாமி ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டார். "மாசம் நாலு மூட்ட அரிசி வாங்குறவனுக்கு நிவாரணக் காசு எதுக்குன்னு கவர்மெண்டு கேட்டா?"

அப்படிக் கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. கேட்காது என்றும் தெரியாது. விடிந்தபோது ஒரு விரல்கூட மிச்சமில்லை.

"கோவிச்சுக்காத புள்ள," என்று மீனம்மா மட்டும் நேரில் வந்து சொன்னாள். "நான் ஒத்தக் கட்ட. ரெண்டு மூட்ட எங்கன்னு கேட்டா, எலி தின்னுருச்சுன்னா சொல்லுவேன்? மாசா மாசம் அந்த நிவாரணக் காசுலதான் எனக்கு மருந்து."

ஜெயந்தினி கோபிக்கவில்லை. யாரைப் பிடித்துக் கோபிப்பது?

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. டிரைவர் கஜேந்திரன் கடைக்குள் எட்டிப் பார்த்தான். "என்னாக்கா, அரிசியில முதலாம் ஆளுன்னு மாட்டி வச்சிருக்கீங்க, அரிசி எங்க?"

"அடுத்த வாரம் தாறேன் தம்பி. ரெண்டு மூட்ட மட்டும் எறக்குங்க."

"சல்லி இல்லாம எறக்குனா முதலாளி என்னைய எறக்கிருவாரு."

லொறி முடுக்கில் திரும்பி மேலே ஏறிப் போனது.

மத்தியானம் லோஜன், கம்பனி கேட்ட விளக்கத் தாளை வாங்க வந்தான். அவள் மூன்று வரி எழுதி வைத்திருந்தாள். 'நான் அரிசி விற்கவில்லை. காசு கொடுத்தேன். கேட்டவர்கள் எனக்கு வேண்டியவர்கள்.'

"இத அனுப்புனா ரூல மீறிட்டீங்கன்னு கணக்க மூடிருவாங்கக்கா. சல்லி எப்ப வரும்னு சொல்ல ஏலாது."

"அனுப்பாட்டி?"

"விசாரண முடியாது. அப்பவும் சொல்ல ஏலாது."

"ரெண்டுலயும் வராதுன்னா, உண்மையவே அனுப்பிருங்க தம்பி."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. நாற்பத்து மூன்று மூட்டையைக் காட்டித்தான் அவனும் அந்த மாதம் டார்கெட்டைத் தொட்டிருந்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

ஜெயந்தினி கடையைச் சாத்திவிட்டு மலைக்கு ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க தோட்டத்தில் ஆள் கூப்பிடுவது வழக்கம். கிலோவுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கையில் தருவார்கள். கணக்கப்பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதலாளியம்மாவுக்கு என்னா, கூடை ஞாபகம் வந்துருச்சா?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஆள் எடுக்குறீங்களா ஐயா?"

"வாங்க, நல்ல கைதானே உங்களது. ஒண்ணு மட்டும். இந்த மாசத்துலருந்து சல்லி கையில இல்ல. போன்லதான் போடுவாங்க."

அதைக் கைக்காசாக மாற்றித் தர அந்த ரோட்டோரத்தில் இனி ஆள் இல்லை. ஜெயந்தினி நம்பரைச் சொன்னாள்.