பெயரை மாற்றியவள்

மனித உரிமையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து தெருவில் அவளுக்கு வக்கீலம்மா என்றே பெயர். வக்கீல் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "வக்கீலும் இல்ல, போலீசும் இல்ல, அப்புறம் எதுக்குடி ரெண்டு வருஷம்?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். கூடப் படித்தவர்களில் ஒருவன் வங்கிக்குப் போனான், ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். படித்த படிப்புக்கே வேலை கிடைத்தது இவளுக்கு மட்டும்தான். தொழிலாளர்களிடம் வாக்குமூலம் வாங்கும் சின்ன அமைப்பு அது. மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசையும் ஆடுகிற நாற்காலியும் கொடுத்தார்கள். அதற்கே அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய ஆய்வேடு. கதவைப் பூட்டிவைத்துத் தைக்கச் சொல்லும் ஒரு துணி ஆலையைப் பற்றிப் பன்னிரண்டு பெண்களிடம் கேட்டு எழுதியிருந்தாள். பெயரை மாற்றினாள், ஊரை மாற்றினாள், வயதைக்கூட மாற்றினாள். ஆனால் வெறும் எண்ணிக்கை யார் மனதைத் தொடும், ஆளின் முகம் தெரிய வேண்டாமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். அதனால் ஒருத்தியை 'இரட்டைப் பிள்ளைகளின் தாய்' என்று எழுதிவிட்டாள். அந்த ஆலையில் இரட்டைப் பிள்ளை பெற்றவள் ஒரே ஒருத்திதானா என்று விசாரிக்கத் தோன்றவே இல்லை. என்ன படித்து என்ன!

அமைப்பு அதை அறிக்கையாக வெளியிட்டது. அடுத்த வாரமே ஆலையின் மேற்பார்வையாளர் அந்தத் தாயை வேலையை விட்டு நிறுத்தினார். அமைப்பின் தலைவி உடனே ஆலைமீது புகார் எழுதினார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தலைவிக்கும் அவளுக்கும் தெரியும்.

"பழிவாங்கினது அவங்க. நம்ம தப்பை நாமளே எதுக்கு ஊருக்குச் சொல்லணும்? அந்தம்மா பயந்து பின்வாங்கிட்டா புகாரே போச்சு" என்றார் தலைவி.

அவளும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இன்னொரு சேதி வந்தது. வாக்குமூலம் கொடுத்ததை அந்தத் தாய் தன் நாத்தனாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாளாம். நாத்தனாரும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தாள். நீதான் போட்டுக்கொடுத்தாய் என்று பழி அவள் தலையில் விழுந்து, பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தும் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நேரே போய், தான் எழுதிய அந்த மூன்று வார்த்தைதான் காட்டிக்கொடுத்தது என்று அந்தத் தாயிடம் ஒப்புக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். பிள்ளைகளின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"இதை அவகிட்ட வந்து சொல்லும்மா."

பக்கத்து அறை வாசலில் நின்று நாத்தனாரிடம் முழுவதையும் மறுபடி சொன்னாள். அண்ணிக்காரி அழுதுகொண்டே அவள் கையைப் பிடிக்கப் போனாள். நாத்தனார் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் ஒரு மாசமா தலைதலையா அடிச்சுக்கிட்டேன், நீங்க நம்பல அண்ணி. படிச்ச பொண்ணு வந்து ஒருவாட்டி சொன்னதும் நம்பிட்டீங்க."